கொம்பனும் அலியனும்



பாடசாலை அதிபர் ஒருவருக்கு அலுவலக மேசையை விட்டு எழுந்து வகுப்பறைக்குச் செல்லும் வாய்ப்பு அரிதாகவே கிடைக்கிறது. அவ்வாறு வாய்த்த ஒருநாளில், ஆசிரியர் வராத ஏழாம் வகுப்பிலே, 'எங்கள் ஊரில் ஓர் இரவு' என்னும் தலைப்பில் மாணவர்களைக் கட்டுரை எழுதச் செய்தேன். வயலோரத்திலே குடியிருக்கும் ஒரு மாணவன் எழுதியிருந்தது இது: "இரவு வட்டைக்குள் ஆனை வந்தது. கொம்பன் அல்ல, அலியன். வாப்பா பந்தம் கொளுத்திக்கொண்டு போனார். உம்மா கதவைப் பூட்டினா. விடியும்வரை நாங்கள் படுக்கவில்லை."

நான் என் சிவப்புப் பேனாவால் 'ஆனை'யை வெட்டி 'யானை' என்று எழுதினேன். 'அலியன்' என்பதன் கீழே கோடிட்டு, 'பொருந்தாச் சொல்' என்று குறித்தேன். 'பூட்டினா' என்பதையும் திருத்தினேன். கொப்பியைப் பெற்றுக்கொண்ட மாணவன் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் மேசையருகே வந்து, "சேர், அது அலியன்தான். நான் கண்ணால் கண்டேன்" என்றான்.

நான் சொல்லைத் திருத்தினேன். அவனோ தான் கண்ட உண்மையை நான் மறுத்துவிட்டதாக எண்ணினான். அவன் எண்ணியது தவறா என்று அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். அந்த யோசனையின் விளைவே இன்றைய பேச்சு. அம்பாறைக் கரையோரத்திலே, கல்முனை தொடங்கிப் பொத்துவில் வரையுள்ள ஊர்களிலே, வயலும் காடும் கலந்து வாழும் மக்கள் ஒரு காட்டு விலங்குக்கு வழங்கும் பெயர்களின் வரலாற்றை ஒருவாறு எடுத்துரைக்க முயல்கின்றேன்.

முதலில் 'ஆனை'யை எடுத்துக்கொள்வோம். நம் மக்கள் பேச்சிலே 'ஆனை' என்பர். எழுத்திலே 'யானை' என்போம். ஆகவே பேச்சு வழக்கு சிதைவென்றும், எழுத்து வழக்கு செம்மையென்றும் ஆசிரியர்களாகிய நாம் முடிவு செய்துவிடுகிறோம். ஆனால் சற்று நிதானித்துப் பாருங்கள். பழந்தமிழில் ஆற்றுக்கு 'யாறு' என்பது பெயர். ஆண்டுக்கு 'யாண்டு', ஆட்டுக்கு 'யாடு', ஆமைக்கு 'யாமை'. இவற்றிலெல்லாம் சொல்லின் முதலில் நின்ற யகர மெய் காலப்போக்கில் மறைந்தது. இன்று நாம் ஆறு, ஆண்டு, ஆடு, ஆமை என்றே எழுதுகிறோம். எந்த ஆசிரியரும் அவற்றைச் சிவப்பு மையால் வெட்டுவதில்லை. அதே வழியில் நடந்து வந்ததுதான் ஆனையும். உடன்பிறந்த சொற்களெல்லாம் ஏட்டிலே இடம்பெற்றுவிட, ஆனை ஒன்று மட்டும் வாசலிலே நிறுத்தப்பட்டது, அவ்வளவே வேறுபாடு.

ஏட்டிலும் அதற்கு முற்றாக இடமில்லாமற் போய்விடவில்லை. திருவானைக்கா, ஆனைமலை, ஆனைமுகன் என்னும் பெயர்களை எவரும் பிழையென்று சொல்வதில்லை. தமிழின் உறவு மொழிகளை நோக்கினாலும் மலையாளத்தார் 'ஆன' என்பர். கன்னடத்தாரும் துளுவரும் 'ஆனெ' என்பர். தெலுங்கர் 'ஏனுகு' என்பர். யகரத்தைக் காத்து நிற்பது தமிழின் எழுத்து வழக்கே. அது தமிழுக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்காக வயற்காரன் மகனின் வாய்ச்சொல்லை இழிவாகக் கருத வேண்டியதில்லை.

இனி, மற்றைய பெயர்களுக்கு வருவோம். தமிழிலே இவ்விலங்குக்குப் பெயர்கள் பல. வேழம், களிறு, பிடி, வாரணம், கரி, தும்பி, உம்பல், கைம்மா என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுள் 'கைம்மா' என்பது ஆழ்ந்த நோக்குடைய பெயர். கையுடைய விலங்கு என்பது அதன் பொருள். துதிக்கையைக் கையெனக் கண்டவர் தமிழர் மட்டுமல்லர். கையைக் குறிக்கும் 'ஹஸ்த' என்னும் வடசொல்லிலிருந்து 'ஹஸ்தி' பிறந்தது. அது பாளியிலே 'ஹத்தி' ஆயிற்று. தமிழிலே 'அத்தி' ஆயிற்று. நம் அயலவராகிய சிங்கள மக்கள் வழங்கும் 'அத்தா' என்பதும் அதன் வழியில் வந்ததே. நம் கரையோர ஊர்களின் சிறுவர்கள் குர்ஆன் பள்ளியிலே 105ஆம் அத்தியாயத்தை ஓதும்போது 'ஃபீல்' என்னும் அறபுச் சொல்லையும் அறிந்துகொள்கின்றனர். பாரசீகத்தின் 'பீல்' அறபிலே 'ஃபீல்' ஆயிற்று. சதுரங்கத்தோடு மேற்கே பயணஞ்செய்து, ஸ்பானிய மொழியிலே இன்றும் ஒரு காயின் பெயராக 'அல்ஃபில்' என்று நிலைத்திருப்பதும் இச்சொல்லே. ஆக, எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவன் இவ்விலங்கைக் குறித்துத் தமிழ், சிங்களம், அறபு ஆகிய மூன்று மொழிகளின் சொற்களையும் பத்து வயதுக்குள் கேட்டுவிடுகிறான்.

பெயர்கள் பல இருப்பினும், தொல்காப்பியத்தின் மரபியல் இவற்றை ஒழுங்குபடுத்தும் முறை கவனிக்கத்தக்கது. யானையின் ஆணுக்குக் களிறு என்றும், பெண்ணுக்குப் பிடி என்றும் அந்நூல் உரிமை வகுக்கிறது. 'ஒருத்தல்' என்னும் ஆண்பாற் பெயரையும் யானைக்குரிய பெயர்களுள் சேர்க்கிறது. தமிழகத்துக் காடுகளிலே ஆண் யானைகளிற் பெரும்பாலானவை கொம்புடையவை. பெண் யானைகளுக்கு வெளியே நீண்டு தெரியும் கொம்பில்லை. ஆதலின், களிறு என்ற மாத்திரத்திலே கொம்பும், பிடி என்ற மாத்திரத்திலே கொம்பின்மையும் தமிழ்ப் புலவரின் மனக்கண் முன் தோன்றின. ஆபிரிக்காவிலே ஆண், பெண் இரண்டுக்கும் கொம்புண்டு. அங்கே இந்தப் பாகுபாட்டுக்குத் தேவையே எழாது.

இலங்கையின் நிலைமையோ இவ்விரண்டினும் வேறானது. இங்கே ஆண் யானைகளிலே நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவையே கொம்புடையவை. எஞ்சிய ஆண்களுக்கெல்லாம் வாயோரத்தே குறுகிய சிறு கொம்புகள் மட்டும் இருக்கலாம். பல சமயங்களில் அவையும் வெளியே தெரிவதில்லை. 1845 முதல் 1850 வரை இந்நாட்டில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமேர்சன் ரெனன்ற், 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய தமது நூலிலே, நூறு யானைகளில் ஒன்றுக்குத்தானும் கொம்பு காண்பதரிது என்று வியந்திருக்கிறார்.

இந்நாட்டு மக்கள் என்ன செய்வர்? களிறு, பிடி என்னும் ஈரடுக்குப் பெயர்கள் அவர்கள் கண்ட காட்டுக்குப் போதவில்லை. ஆணிலே கொம்புள்ளது ஒன்று, கொம்பில்லாதது மற்றொன்று. முன்னதைக் கொம்பன் என்றனர். பின்னதை அலியன் என்றனர். சிங்கள மக்களும் இவ்வாறே கொம்புள்ளதை 'அத்தா' என்றும், கொம்பில்லாததை 'அலியா' என்றும் பிரித்து வழங்கினர். நாளடைவிலே அவர்களிடையே 'அலியா' என்பது யானையினத்துக்கே பொதுப்பெயராயிற்று, காரணம் வெளிப்படை. மிகுதியாகக் காணப்படுவதற்குரிய பெயர் இனத்துக்குரிய பெயராகப் பரவுதல் இயல்பே. இரு மொழியாரும் ஒரே காட்டைப் பார்த்தனர். ஒரே இடத்திலே சொல்லின் தேவையை உணர்ந்தனர். மலையாள நாட்டார் கொம்பில்லா ஆணை 'மோழ' என்பர். கொம்பற்ற மாட்டைக் குறிக்கத் தமிழில் வழங்கும் 'மோழை'யும் இதன் இனமே. வட இந்தியர் 'மக்னா' என்பர். அச்சொல் தமிழகத்துப் பாகரிடையும் வழங்குகிறது.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். அலியன் என்னும் சொல்லைக் கேட்ட படித்தவர்கள், 'அலி' என்பதை நினைந்து, ஆண்மையற்ற விலங்கு என்று பொருள் கொள்கின்றனர். நானும் அவ்வாறு எண்ணியே 'பொருந்தாச் சொல்' என்று குறித்தேன். மனிதரை இழித்துரைக்க அச்சொல்லைப் பயன்படுத்துதல் தகாது என்பதை இன்று நாம் அறிவோம். என் தயக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் காட்டிலே அலியன் குறைபட்ட விலங்கன்று. அது முழுமையான ஆண், மதங்கொள்வது, இனம் பெருக்குவது, உடல் வலிமையிற் கொம்பனுக்குச் சிறிதும் இளைக்காதது. இலங்கைக் காடுகளிலே பிறக்கும் கன்றுகளிற் பெரும்பாலானவற்றின் தந்தை அலியனே. சொற்பிறப்பை மட்டும் கொண்டு பொருளைத் தீர்மானிப்பவன் வகுப்பறையிலே பிழைப்பான், வட்டையிலே பிழைக்கமாட்டான்.

நான் சிறுவனாயிருந்த காலத்திலே, வேளாண்மை முற்றும் பருவத்தில், எங்கள் வயலிலே காவலிருந்த முதியவர் ஒருவர் என்னைப் பரணிலே ஏற்றி அமர்த்திக்கொண்டார். நிலவில்லாத இரவு. வாய்க்காலுக்கு அப்பால் நாணல் முறியும் ஓசை கேட்டது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் மெல்லக் கூறினார்: "மகன், கூட்டமில்ல, தனியன். அலியனா கொம்பனா எண்டு இன்னும் தெரியல்ல. சத்தம் போடாம இரிங்க." கூட்டம் என்றால் பெண் யானைகளும் கன்றுகளும், முதிய பெண்ணின் வழிநடத்தலிலே வருவன. தனியன் என்றால் வளர்ந்த ஆண். ஆண் கன்று பருவமெய்தும்போது தாயின் கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனித்தோ, வேறு ஆண்களோடோ திரியும் என்பதும், பயிருக்குட் புகுவனவற்றுள் வளர்ந்த ஆண்களே மிகுதி என்பதும் விலங்கியல் ஆய்வாளர் இன்று உறுதிப்படுத்தும் செய்திகள். அந்த முதியவர் எழுத்தறியாதவர். ஆயினும் தனியன், அலியன், கொம்பன், கூட்டம் என்னும் நான்கு சொற்களிலே அவ்வறிவு முழுவதையும் வைத்திருந்தார். எதற்குப் பந்தம் எடுப்பது, எதற்கு ஒலியெழுப்புவது, எதற்குப் பரணை விட்டு இறங்காதிருப்பது என்பதை அச்சொற்களே அவருக்கு அறிவித்தன.

இத்தகைய அறிவு ஒரு தொழிலாகவும் நம்மிடையே விளங்கிற்று. யானை பிடிப்போருக்குப் பணிக்கர் என்று பெயர். பணி என்பது தொழிலையும் தொழில்நுட்பத்தையும் குறிக்கும். கேரள நாட்டிலே படைக்கலப் பயிற்சி அளித்தோருக்கும் இப்பட்டம் உரித்தாயிருந்தது. கிழக்கிலங்கையில் ஏறாவூர்ப் பணிக்கர் பேர்பெற்றவர்கள். இப்பணிக்கர்களுட் பெரும்பாலோர் வடக்கு, வடகிழக்குப் பகுதிகளின் முஸ்லிம் கிராமங்களைச் சேர்ந்தவர்கள் என்பதை ரெனன்ற் எழுதியுள்ளார். துணையாட்கள் எவருமின்றி இருவர் மட்டுமே பெரிய யானையொன்றைப் பிடிக்கத் துணிவர். விலங்கின் தோலால் முறுக்கிய உறுதியான கயிறே அவர்களுடைய கருவி. வெறுங்காலோடு யானையின் பின்னே ஓசையின்றிச் சென்று, அது காலைத் தூக்கும் கணத்திலே பின்னங்காலிற் சுருக்கை மாட்டி, மறுமுனையை மரத்திலே சுற்றிவிடுவர். காற்றின் திசை, காலடித் தடம், பிண்டத்தின் ஈரம் இவையே அவர்கள் கற்ற பாடநூல்.

பிடிபட்ட யானைகள் கடல் கடந்து சென்றன. இலங்கை யானைகளின் சிறப்பைப் பண்டைய கிரேக்கரும் உரோமரும் எழுதிவைத்தனர். 6ஆம் நூற்றாண்டிலே கொஸ்மாஸ் என்னும் கிரேக்க வணிகத் துறவி, இந்நாட்டரசன் யானைகளை முழக்கணக்கில் உயரம் அளந்து விலைகொடுத்து வாங்கினான் என்று குறித்துள்ளார். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இவ்வாணிகத்தைத் தம் கைக்குள் கொண்டுவந்தனர். வன்னியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு யானைகள் கடல்நீரேரியைக் கடந்த இடம் ஆனையிறவு. அவை கப்பலேறிய ஊர்காவற்றுறையைப் போர்த்துக்கேயர் தம் மொழியிலே துறைமேடை எனப் பொருள்படும் 'கய்ஸ்' என்னும் சொல்லால் அழைத்தனர். அதுவே ஆங்கிலத்திலே 'கயிற்ஸ்' ஆயிற்று. ஆனைக்கோட்டை, ஆனைப்பந்தி, ஆனைவிழுந்தான், ஆனைமடு என்று வேறு பல பெயர்களும் உள. நேயர்கள் கவனிக்க: இவற்றில் ஒன்றிலேனும் 'யானை' இல்லை, எல்லாம் 'ஆனை'யே! ஊருக்குப் பெயரிட்டவர்கள் என் சிவப்புப் பேனாவுக்கு அஞ்சவில்லை.

பெயர்கள் கடல் கடந்து அடையும் விதி விந்தையானது. 1693இல் ஜோன் றே என்னும் ஆங்கிலேய இயற்கை நூலார் தொகுத்த பாம்புகளின் பட்டியலிலே, இலங்கைக்குரியதாக 'அனகண்டாயா' என்றொரு பெயர் காணப்படுகிறது. யானையைக் கொன்றது எனப் பொருள்படும் தமிழ்த் தொடரின் திரிபு அது என்பர் சிலர். 'ஹெனகந்தயா' என்னும் சிங்களப் பெயரின் திரிபு என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், இலங்கையிற் புறப்பட்ட அப்பெயர் தென்னமரிக்காவின் மாபெரும் பாம்பிடம் போய்ச் சேர்ந்து, 'அனகொண்டா' என்று உலகெங்கும் வழங்குகிறது. இங்குள்ள யாதொரு பாம்பும் இன்று அப்பெயரால் அழைக்கப்படுவதில்லை. பெயர் தன் விலங்கை விட்டுப் பிரிந்தால் இவ்வாறுதான் முடியும்.

ஆங்கிலேயர் ஆட்சியிலே நிலைமை மாறியது. பிடிப்பதை விடச் சுடுவது மிகுந்தது. யானை பயிரழிக்கும் பகையென அறிவிக்கப்பட்டுத் தலைக்கு இவ்வளவென்று வெகுமதி வழங்கப்பட்டது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்திலே வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500க்கும் மேற்பட்ட யானைகளும், 1851க்கும் 1856க்கும் இடையே தென் மாகாணத்திலே 2,000 யானைகளும் கொல்லப்பட்டன என்று ரெனன்ற் கணக்குத் தருகிறார். மேஜர் றொஜேர்ஸ் என்னும் படை அதிகாரி தனியொருவராக 1,400க்கு மேற்பட்டவற்றைச் சுட்டதாகப் பேர்பெற்றார். வெகுமதிப் பதிவேட்டிலே கொம்பன் இல்லை, அலியன் இல்லை, பிடி இல்லை, கன்று இல்லை; எண் மட்டுமே இருந்தது. 1937இல் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1950இல் பனாமுறையில் நடந்த கிறாலோடு யானைகளை வளைத்துப் பிடிக்கும் வழக்கமும் முடிவுற்றது. பணிக்கரின் தொழிலும் மறைந்தது. தொழிலோடு சொற்கள் பலவும் மறைந்தன.

எங்கள் பகுதியின் வரலாறு அதே காலத்திலே மற்றொரு திருப்பத்தை அடைந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. பட்டிப்பளை ஆறு என்று தமிழர் வழங்கும் கல்லோயா இங்கினியாகலையிலே மறிக்கப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. காடு வெட்டிக் கழனியாக்கப்பட்டது, குடியேற்றங்கள் எழுந்தன. 1954இல் நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடு தேசியப் பூங்காவாயிற்று. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. நீர் வந்தது, நெல் விளைந்தது, அந்நெல்லை உண்டு வளர்ந்தவன் நான். ஆதலால் அத்திட்டத்தைக் குறைகூற எனக்கு வாயில்லை. ஆனால் யானைகளின் பழைய வழிகள் நம் வரப்புகளுக்கு அடியிலே கிடக்கின்றன என்பதையும் மறந்துவிடலாகாது.

இன்று சம்மாந்துறை, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, இறக்காமம் ஆகிய ஊர்களை அடுத்த வட்டைகளிலே யானை வருதல் புதுமையன்று. ஒருபோகத்தின் உழைப்பை ஓரிரவிலே இழந்த விவசாயியின் முகத்தை நான் கண்டிருக்கிறேன். அவனிடம் போய்ச் சொல்லின் அழகைப் பேச முடியாது. நாடு முழுவதையும் நோக்கின், 2019ஆம் ஆண்டிலே மட்டும் 400க்கும் மேற்பட்ட யானைகளும், யானைகளால் 120க்கும் மேற்பட்ட மனிதரும் மாண்டனர். 2011இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி இந்நாட்டின் காட்டு யானைகள் 5,879. இவ்விரு கணக்குகளையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்க்கும் எவருக்கும் கவலை பிறக்கும்.

கவலைக்கு மற்றொரு காரணமும் உண்டு. நம் மாவட்டத்தின் பள்ளக்காட்டிலே சுற்றுப்புற ஊர்களின் குப்பை கொட்டப்பட்டு வந்தது. உணவின் மணத்தால் ஈர்க்கப்பட்டு யானைகள் அங்கே வந்தன. உணவோடு பொலித்தீனையும் விழுங்கின. எட்டாண்டுகளுள் ஏறக்குறைய 20 யானைகள் அவ்வாறு இறந்தன என்னும் செய்தி 2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலே உலகெங்கும் வெளியாயிற்று. இறந்த யானைகளின் வயிற்றிலே மிருக வைத்தியர்கள் கண்டவை பொலித்தீனும் உணவுப் பொதிகளின் உறைகளும். வழக்கமான இரையோ காணப்படவில்லை. அவ்வுறைகளை வீசியவர்கள் நாம். நம் வீட்டு வாசலிலிருந்து போனவை அவை. அப்படியிருந்தும் செய்திகளிலே நாம் நாள்தோறும் கேட்கும் தொடர் என்ன? 'யானைகளின் அட்டகாசம்' என்பதே! வந்தது கூட்டமா, தனியனா, கொம்பனா, அலியனா, எவ்வழியாக வந்தது, எதை நாடி வந்தது என்னும் கேள்விகளையெல்லாம் அந்த ஒரு சொல் விழுங்கிவிடுகிறது. வெகுமதிப் பதிவேட்டின் எண்ணுக்கும் இதற்கும் நான் பெரிய வேறுபாடு காணவில்லை.

பெயரைக் காப்பாற்றினால் யானை காப்பாற்றப்படும் என்று நான் சொல்லவரவில்லை. மின்வேலியும், குப்பை அகற்றலும், நட்டஈடும், காட்டுவழிகளைத் திறந்துவைத்தலும் செய்யவேண்டியவர்கள் செய்யவேண்டிய பணிகள். ஆனால் ஆசிரியனாகிய நான் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வந்தது எது என்பதைப் பார்த்துப் பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளை எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறான். அவனுடைய வாப்பாவிடமிருந்தும், அவருடைய வாப்பாவிடமிருந்தும் இறங்கி வந்த அறிவு அது. அவ்வறிவை வெட்டுவதற்குச் சிவப்பு மை ஒரு துளி போதும். மீண்டும் உண்டாக்கத் தலைமுறைகள் வேண்டும்.

மறுநாட் காலை அந்த மாணவனை அழைத்தேன். கொப்பியை வாங்கி, 'ஆனை' என்பதன் மேலிருந்த வெட்டை நீக்கி, 'இதுவும் சரி' என்று எழுதினேன். 'பொருந்தாச் சொல்' என்னும் குறிப்பையும் அடித்துவிட்டேன். பிறகு அவனையே கரும்பலகையின் முன் நிறுத்தி, அலியன் என்றால் என்ன என்பதை வகுப்புக்கு விளக்கச் சொன்னேன். சிறிது வெட்கப்பட்டான். பின்னர் சுண்ணக்கட்டியை எடுத்து, ஒரு பெரிய உடலையும் நீண்ட துதிக்கையையும் வரைந்தான். வாயோரத்தே, கொம்பு இருக்கவேண்டிய இடத்தில், சுண்டுவிரல் அளவிலே சின்னஞ்சிறு கோடு ஒன்றை மட்டும் கவனமாக இழுத்தான்.

"இவ்வளவுதான் சேர்" என்றான். "இருட்டில் இதுவும் தெரியாது."